நின்றுபோன கல்யாணமும் ஒரு கம்பளிக் கூடாரமும்

பிப்ரவரி 8, ஞாயிறு. பிஷ்கெக், கிர்கிஸ்தான்

விமானம் இறங்கியது காலை 6.40. வெளியே மைனஸ் ஒன்பது. உடல்நிலை நன்று.

கால்நடைத் துறையில் மருத்துவராக முப்பத்திரண்டு வருடம் பயண நாட்குறிப்பு எழுதிய கை இது. ஓய்வு பெற்றும் நிற்க மாட்டேன் என்கிறது. ஆகவே, பயணத்தின் நோக்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். என் மகள் மிருதுளாவுக்கும் திருப்பூர் தரணிதரனுக்கும் தை மாதம் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதத்தில் நின்றுபோனது. இரண்டு பேரும் இமயமலையில் அவுலி என்ற இடத்தில் பனிச்சறுக்கு கற்றவர்கள். தேனிலவுக்கென்று கிர்கிஸ்தான் மலையில் ஐந்து நாள் ஸ்கீ பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். ரத்து செய்ய முடியாதாம், பெயரை மாற்றலாமாம். "என் இடத்துல நீங்க போயிட்டு வாங்கப்பா. நாலு மாசமா வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கீங்க" என்றாள்.

விண்ணப்பத்தில் 'மலைப் பயண அனுபவம்' என்று கேட்டிருந்தார்கள். பதினான்கு முறை என்று எழுதினேன். பொய்யில்லை. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் பதினான்கு முறை ஏறியிருக்கிறேன். அங்கே பனி கிடையாது. அதை அவர்கள் கேட்கவில்லை.

விமான நிலைய வாசலில் ஒருவர் அட்டை பிடித்து நின்றார். அதில் என் பெயர், நாச்சிமுத்து. அதன் கீழே இன்னொரு பெயர். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயருக்கு உரியவர் தள்ளுவண்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றார். பையனின் அப்பா, பனியன் கம்பெனி சென்னியப்பன்.

"நீங்களா?" என்றார்.

"நீங்களுங்களா?" என்றேன். மரியாதையில் குறை வைக்கவில்லை.

பையனும் தன் இடத்தை அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறான். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்தால் இதுதான் நடக்கும்.

பிப்ரவரி 9, திங்கள். கரகோல்

வேனில் ஆறு மணி நேரம். ஜன்னலோரம் பெரிய ஏரி. அவர் இடது ஜன்னலைப் பார்த்தார், நான் வலது. ஏரி இடது பக்கம் இருந்தது.

வழிகாட்டி ஒரு பெண். பெயர் ஜிபெக், வயது நாற்பது இருக்கும், எருமைக்கன்று மாதிரி உறுதியான தோள்கள். எங்களைப் பார்த்ததும் "சாப்டீங்களா?" என்றாள், சுத்தமான தமிழில். பிஷ்கெக்கில் நம் ஊர் மருத்துவ மாணவர்களின் விடுதிப் பேருந்தை மூன்று வருடம் ஓட்டினாளாம். பிறகு ஆங்கிலத்தில், "பெண் எங்கே, மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டாள். நான் அவரைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார். ஜிபெக் தன் காகிதத்தைப் பார்த்தாள்.

"அதாவது, பிள்ளைகள் இல்லாமல் அப்பாக்கள் இரண்டு பேரும் தேனிலவுக்கு வந்திருக்கிறீர்கள்."

விளக்கம் சொல்ல இருவரும் வாயைத் திறந்தோம். அதற்குள் அவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய். மலை

பனி வண்டியில் ஒரு புல்வெளி வரை கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு மேல் இரண்டு மணி நேரம் ஸ்கீயில் ஏற வேண்டும். சறுக்கும் பலகையில் எப்படி ஏறுவது என்று கேட்டேன். பலகையின் அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டுகிறார்கள். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் போகாது. பசு மாட்டின் நாக்கைத் தடவிப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். சென்னியப்பனுக்குப் புரிய நேரமானது.

இரண்டு மணி நேரத் தூரத்தை நான்கே கால் மணி நேரத்தில் கடந்தோம். அவர் மிகவும் மெதுவாக வந்தார். அவருக்காகத்தான் நான் பின்னால் வந்தேன்.

தங்குமிடத்தின் பெயர் யூர்ட். மரச் சட்டம் வைத்து மேலே கம்பளிப் போர்வை போர்த்திய வட்டக் கூடாரம். நடுவில் நிலக்கரி அடுப்பு, உச்சியில் புகை போக ஒரு வட்டத் துவாரம். கதகதப்பாக இருக்கிறது. சமையலுக்கும் அடுப்புக்கும் தெமிர் என்று ஒருவர். அவருக்குக் கிர்கிஸ் மட்டும்தான் தெரியும். அவரும் ஜிபெக்கும் பக்கத்துச் சின்ன யூர்ட்டில்.

எங்கள் யூர்ட்டில் கட்டில் ஒன்றுதான். சிவப்புப் பட்டு மெத்தை, இரண்டு தலையணை, ஒரே ரஜாய். தலையணை மேல் காய்ந்த ரோஜா இதழ்களை இதய வடிவத்தில் வைத்திருந்தார்கள். சென்னியப்பன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுப்பில் போட்டார். கட்டிலின் நடுவே தன் பெட்டியை வைத்து, "இந்தப் பக்கம் எனக்குங்க" என்றார்.

ஒரு சிக்கல். அவரை எப்படிக் கூப்பிடுவது? சம்பந்தி என்று கூப்பிடும் தகுதி போய்விட்டது. சார் என்றால் அவர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி இருக்கிறது. எனவே "ஏனுங்க" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

பயிற்சி. யூர்ட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சரிவு. ஜிபெக் எங்கள் இருவரையும் 'டேய்' என்றுதான் கூப்பிடுகிறாள். மாணவர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதற்கு 'நண்பரே' என்று பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். "டேய் டாக்டர், முட்டியை மடக்கு! டேய் பனியன், மரத்தைப் பார்க்காதே, பார்த்தால் அங்கேதான் போவாய்!" அவர் பார்த்தார். போனார்.

அர்த்தத்தைச் சொல்லித் திருத்தலாமா என்று யோசித்தேன். சென்னியப்பன் மெல்ல, "சொல்லாதீங்க. முப்பது வருசமா எல்லாரும் முதலாளின்னே கூப்பிடுறாங்க. இது நல்லாத்தான் இருக்குது" என்றார். ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் சண்டைக்கு வெளியே பேசிய முதல் வாக்கியம்.

பிற்பகலில் ஒரு கருவியை மார்பில் கட்டிவிட்டாள். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் மற்றவரின் கருவி 'பீப் பீப்' என்று இடத்தைக் காட்டும். பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். "நீ புதைந்தால் இவன் தோண்டுவான். இவன் புதைந்தால் நீ. வேறு யாரும் வர மாட்டார்கள்" என்றாள். நான் சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று சொன்ன ஜோசியர் இந்தப் பொருத்தத்தைப் பார்க்கவில்லை.

மாலை. முழங்கால் வலி. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

நிலக்கரி குறைந்திருந்ததால் காலையில் தெமிர் கீழே இறங்கினார். அவர் போன ஒரு மணி நேரத்தில் புயல். வாசலில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் விறகு தெரியவில்லை. முழங்கால் வலி காரணமாக இன்று ஏற வேண்டாம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். புயலால் அந்த முடிவை அறிவிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

கழிப்பறை நாற்பதடி தள்ளி இருக்கிறது. அதுவரை கயிறு கட்டியிருக்கிறாள். தனியாகப் போகக்கூடாது, ஒருவர் போனால் மற்றவர் யூர்ட் வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். கண்டிப்பான உத்தரவு.

மதியம் சென்னியப்பன் பெட்டியைத் திறந்து துவரம்பருப்பு, அரிசி, சின்ன வெங்காயம், வரமிளகாய் எடுத்தார். அரிசிம்பருப்பு சாதம் செய்யப் போகிறாராம். பூண்டைத் தட்டிப் போடச் சொன்னேன். அவர்கள் வீட்டில் முழுசாகத்தான் போடுவார்களாம். பூண்டில் தொடங்கிய பேச்சு கல்யாண மண்டபத்தில் போய் முடிந்தது.

பழைய கதைதான். நான் எங்கள் ஊர் கோபியில் மண்டபம் என்றேன், அவர் திருப்பூரில்தான் என்றார். நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் வாரம் ஐம்பது பேர் முன்னால், "மாட்டுக்கு ஊசி போடறவருக்கு மனுச மரியாதை எங்க தெரியும்?" என்று கேட்டவர் இவர். மறு வாரமே கல்யாணம் நின்றது. நான் அதற்கு முன் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

சாதம் நன்றாக இருந்தது. பூண்டைத் தட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஜிபெக் மூன்று தட்டு சாப்பிட்டாள். நானும் மூன்று.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை ஆறரை மணி. புயல் குறைந்திருந்தாலும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் கழிப்பறைக்குக் கிளம்பினார். "டாக்டர், டாக்டர்" என்று இரண்டு முறை என்னை எழுப்பியதாகச் சொல்கிறார். நான் அயர்ந்து தூங்கியிருக்க வேண்டும்.

இடுப்பளவு பனி விழுந்திருந்ததால் அவர் ஸ்கீயை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார், ரோமப் பட்டை ஒட்டாமல். கழிப்பறைக் கதவைத் திறக்கக் கயிற்றை விட்டிருக்கிறார். நான் கேட்டது, "அய்யோ" என்ற சத்தம். அது நிற்காமல் தூரமாகிக்கொண்டே போனது.

சட்டையோடு ஓடினேன். எனக்கு முன்னால் ஜிபெக், கோட்டு கூடப் போடாமல், ஸ்கீயில் அம்பு மாதிரி சரிவில் பாய்ந்தாள். கீழே ஒரு பள்ளம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவரை முந்திப் போய்க் குறுக்கே விழுந்து தடுத்தாள். இருவரும் உருண்டு ஒரு ஊசியிலை மரத்தில் மோதினார்கள். கயிறு முடிந்த இடத்தில் நான் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய்ச் சேர்ந்தேன்.

சென்னியப்பனுக்குக் கன்னத்தில் கீறல். ஜிபெக் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். முகம் சுண்ணாம்பு. தோளின் உருண்டை வடிவம் தட்டையாகிவிட்டது. பார்த்ததுமே தெரிந்தது, மூட்டு விலகியிருக்கிறது.

மூன்று பேரும் மேலே வந்து சேர முக்கால் மணி நேரம். விரல்கள் மரத்துப்போகின்றன என்றாள் ஜிபெக். ரேடியோவில் பேசினோம். வழியெல்லாம் பனி மூடிவிட்டது, நாளைக் காலைக்கு முன் யாரும் வர முடியாது. ஊர் மருத்துவமனை டாக்டர் ஒருவரை இணைத்தார்கள்.

"அங்கே டாக்டர் யாராவது இருக்கிறார்களா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருக்கிறார்" என்று ஜிபெக் ரேடியோவை என்னிடம் நீட்டினாள்.

"நல்லது. எந்தப் பிரிவு?"

உண்மையைச் சொல்வதுதான் முறை. "பெரும்பாலும் எருமை" என்றேன்.

அவர் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். பிறகு அவர் நாடி, விரல் அசைவு, உணர்ச்சி எல்லாம் கேட்டார். சொன்னேன். "விரல்கள் மரக்கின்றன என்றால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இழுக்காதீர்கள், முறுக்காதீர்கள். குப்புறப் படுக்க வைத்துக் கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில் எடை கட்டுங்கள். தசை தளர்ந்தால் தானாகவே உள்ளே போகும். அவசரப்படக்கூடாது" என்றார்.

மனிதத் தோளைத் தொட எனக்கு உரிமம் கிடையாது. ஜிபெக்கிடம் சொன்னேன். "டேய்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் எருமை என்று நினைத்துக்கொள்."

தேனிலவுக் கட்டிலில் குப்புறப் படுத்தாள். எடைக்கு உருளைக்கிழங்குப் பை. கட்டுவதற்குத் துணி? சென்னியப்பன் போட்டிருந்த தெர்மல் பனியனைக் கழற்றி நீளமாகக் கிழித்தார். "எங்க சரக்குங்க. இன்டர்லாக் துணி. இழுத்தா நீளும், ஆனா கையை அறுக்காது" என்றார். முடிச்சு இரண்டு முறை நழுவியது. குளிராக இருக்கும், வெற்று உடம்பல்லவா.

"இவங்க மனசு வலியில நிக்கக்கூடாது. ஏதாவது பேசுங்க" என்றேன்.

"என்னத்தைப் பேசறதுங்க?"

"எதையாவது. நிறுத்தாம."

அவர் கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பையன் முதன்முதலில் மிருதுளாவின் போட்டோவைக் காட்டியது. அவள் முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது அவர் போட்ட காபியை, "அங்கிள், சர்க்கரைக்குப் பதிலா உப்பு போட்டுட்டீங்க" என்று சொல்லாமல் முழுசாகக் குடித்துவிட்டுப் போனது. பிறகு மண்டபச் சண்டை. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் சொன்னார். 'பனியன் கம்பெனியில பீஸ் எண்றவருக்குப் பந்தியில ஆள் எண்ணத் தெரியுமா?' ஆங்கிலத்தில் கேட்க அது இன்னும் மோசமாக இருந்தது.

"அதுக்கு நானும் ஒண்ணு சொல்லிப்போட்டேன். மறு வாரமே பையன் வந்து, கல்யாணம் வேண்டாம்ப்பான்னான். ஏன்னு கேக்க எனக்குத் தைரியமில்லை. எனக்குத்தான் தெரியுமே. என் வாய்தான். அந்தப் புள்ள எங்க வீட்டுக்கு வர்றதுக்குக் குடுத்து வைக்காம..." அதோடு முகத்தைக் கட்டில் விளிம்பில் புதைத்துக்கொண்டார்.

நான் உருளைக்கிழங்குப் பையின் முடிச்சைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிபார்த்தேன்.

"அப்புறம்?" என்றாள் ஜிபெக், தலையணைக்குள்ளிருந்து.

இருபத்திரண்டாவது நிமிடம் 'டொக்' என்று ஒரு சத்தம். தோள் உருண்டையானது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, இடது கையால் என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள். மீதிப் பனியன் துணியில் தொட்டில் கட்டிக் கையை மார்போடு சேர்த்து வைத்தேன். ரேடியோ டாக்டர் பாராட்டினார். எருமைகளுக்கு அதிர்ஷ்டம் என்றார்.

அடுப்புப் புகை அதிகம். கண் எரிந்துகொண்டே இருந்தது.

பிப்ரவரி 14, சனி

நல்ல வெயில். தெமிரும் இரண்டு பேரும் பனி வண்டியோடு கீழ்ப் புல்வெளிக்கு வந்துவிட்டார்கள். அங்கே வரை நாங்களே இறங்க வேண்டும். ஜிபெக் ஒற்றைக் கையோடு ஸ்கீயில் நின்றாள். எங்கள் நான்கு கைகளைவிட அது மேல். அவள் பையை நான் சுமந்தேன், சமையல் மூட்டையை அவர்.

நடுவழியில் ஒரு திறந்த சரிவு. புதுப் பனி கனமாக நிற்கிறது, சரியலாம், சுற்றிப் போக வழியில்லை என்றாள். "ஒவ்வொருவராக. நிற்காமல். கத்தாமல்." முதலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அடுத்து சென்னியப்பன்.

சரியாகப் பாதி வழியில் விழுந்தார். எழவில்லை. மூட்டை அவரைக் கீழே அழுத்தியது. மேலே எங்கோ 'வூம்' என்று பனி அமுங்கும் சத்தம். என் கை தானாக மார்பில் இருந்த கருவியைப் பிடித்தது. பதினைந்து நிமிடம். மண்வெட்டி எந்தப் பக்கம் என்று தேடினேன்.

"சம்பந்தி!" என்று கத்திவிட்டேன். கத்தக்கூடாது என்று சொன்ன இடத்தில். "மூட்டையை விடுங்க! உட்டுட்டு எந்திரிங்க சம்பந்தி!"

அவர் மூட்டையைக் கழற்றினார். அது உருண்டு போனது. அவர் எழுந்து, நின்று, தாறுமாறாக நடந்து அக்கரை சேர்ந்தார். பனி நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்து நான் போனேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

அந்தப் பக்கம் போனதும் மூச்சு வாங்கியபடி அவரிடம் சொன்னேன்.

"நேத்துக் காலையில நீங்க கூப்பிட்டது கேட்டுதுங்க. ரெண்டு தடவையும் கேட்டுது. பூண்டுக் கோபத்துல கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பனியைத் துடைத்தார். "தெரியுமுங்க," என்றார். "தூங்கறவங்க அத்தனை சத்தமா மூச்சு விட மாட்டாங்க."

வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தும் தண்ணீராக வந்தது.

புல்வெளி சேர மூன்று மணி நேரம். மொத்தம் விழுந்தது: அவர் முப்பத்தொன்று, நான் இருபத்திரண்டு. என் கணக்கை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மாலை 5.30, கரகோல் விருந்தினர் இல்லம். ஜிபெக்குக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவில்லை, மூட்டு சரியாக அமர்ந்திருக்கிறது. மூன்று வாரம் ஓய்வு. போனை இயக்கியதும் மிருதுளாவிடமிருந்து பதினேழு தவறிய அழைப்புகள். கூப்பிட்டேன்.

அழுதாள். விபத்து என்று நேற்று பயண அலுவலகத்திலிருந்து அவசரத் தொடர்பு எண்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். பழைய விண்ணப்பத்தில் தரணிக்கு இவள் எண், இவளுக்கு அவன் எண். ஆகவே, அவனுடைய அப்பாவைப் பற்றி இவளுக்கும், இவளுடைய அப்பாவைப் பற்றி அவனுக்கும் செய்தி போயிருக்கிறது. நான்கு மாதத்துக்குப் பிறகு இருவரும் பேசியிருக்கிறார்கள்.

"திரும்பச் சேந்துட்டீங்களா கண்ணு?" என்றேன். கேட்கும்போது எழுந்து நின்றுவிட்டேன்.

"இல்லப்பா. அப்பாக்கள்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு மட்டும் பேசிக்கிட்டோம்." மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணம் நின்னது உங்க சண்டையால இல்லப்பா. அவனுக்குக் கனடா போயே ஆகணும். எனக்கு இங்க இருக்கணும். நீங்க மண்டபத்துக்குச் சண்டை போடறதுக்குப் பத்து நாள் முன்னாடியே பேசி முடிவு பண்ணிட்டோம். எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டே இருந்தோம். அப்பதான் நீங்க ரெண்டு பேரும் ஐம்பது பேர் முன்னாடி... எங்களுக்கு வசதியாப் போச்சு. மன்னிச்சிடுங்கப்பா."

வசதியாப் போச்சு.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிடவில்லை என்றாள். போய்ச் சாப்பிடு, நாளைக்குப் பேசலாம், அப்பாவுக்குக் கோபம் ஒன்றுமில்லை என்றேன். அது உண்மைதான். போனை வைத்ததும் எனக்குக் கடுமையான பசி. நான்கு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று வீட்டில் என் மனைவி சரோஜா புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். மலை ஏறி இறங்கினால் பசிக்கும்தான்.

கூடத்துக்கு வந்தேன். சென்னியப்பன் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தேன். இவரிடம் எப்படிச் சொல்வது? தன் வாயால் கெட்டது என்று நேற்று வெற்று உடம்போடு மண்டியிட்டு அழுத மனிதர். வானிலையைப் பற்றிப் பேசினேன். அவர் ரொட்டியைப் பற்றிப் பேசினார். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் அவர்தான், "டாக்டர், உங்களுக்கும் போன் வந்துதுங்களா?" என்றார்.

"வந்துதுங்க."

"கனடாங்களா?"

"கனடாதானுங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப, நாம போட்ட சண்டை?"

"சும்மா போட்டதாட்ட இருக்குதுங்க."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். எனக்கும் பிடித்துக்கொண்டது. விருந்தினர் இல்லத்து அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்பது போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அவர் மேசை மேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தார்.

"சம்பந்தம்னு ஒரு சாக்கு இருந்துது. இனி நான் கோபிப் பக்கம் வந்தா, உங்க வீட்டுல என்னன்னு சொல்லிட்டு உள்ள வர்றதுங்க?"

யோசித்தேன். நம் ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக இழவு வேண்டும், இல்லாவிட்டால் விசேஷம் வேண்டும். இரண்டும் எங்களிடம் இல்லை.

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க," என்றேன். "சாப்பாட்டு நேரமாப் பாத்து வாங்க."